இருபத்தாறாம் எண் சட்டையைத் தொங்கவிடலாமா

சனிக்கிழமை காலை ஐந்து ஐம்பது. பிஸ்கட்டவேயை ஒட்டியிருந்த ஐஸ் அரங்கத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, பனித்தரையில் மண்டியிட்ட வேலையாள் ஒருவர் இரும்புத் தகட்டால் எதையோ சுரண்டிக்கொண்டிருந்ததை. சுரண்டச் சுரண்ட வெள்ளைத் தூளுக்குப் பதில் ரோஸ் நிறத் தூள் வந்தது. முந்தின நாள் மாலை ஆட்டத்தில் சிந்திய ரத்தம். அது தரையோடு உறைந்துவிட்டால் ஐஸை மழிக்கும் வண்டியால் முழுதாக எடுக்க முடியாது. அது என் அண்ணன் பரணியின் ரத்தம் இல்லை. அவன் தோளில் பெரிய மூட்டையுடன் என் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தான். அந்த ஆளிடம் "ஸாரி" என்று சொல்லிவிட்டு உடைமாற்றும் அறைக்குப் போனான். அவனுக்கு அப்போது பதினாறு வயது, எனக்குப் பதினொன்று.

ஐஸ் ஹாக்கியில் ஓர் ஆட்டக்காரருக்குச் செய்யும் பெரிய மரியாதை, அவர் எண்ணை இனி யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி, சட்டையை அரங்கத்தின் கூரையில் தொங்கவிடுவது. கோல் போட்டவர்களுக்கும் கோல் காத்தவர்களுக்கும் அது வழக்கமாக நடக்கும். எதிரணிக்காரனின் முகத்தில் குத்துவதற்கென்றே வைத்திருக்கும் ஆளுக்கு, அவன் எவ்வளவு உழைத்தவனாக இருந்தாலும், அந்த மரியாதை உண்டா என்பது நீண்ட நாள் வழக்கு. போன வருடம் அந்த வழக்கு எங்கள் வீட்டுக்குள் வந்தது.

நாங்கள் வேலூரிலிருந்து அமெரிக்காவில் இருக்கும் மான்மவுத் ஜங்ஷனுக்கு வந்தபோது பரணிக்குப் பத்து வயது. பக்கத்து வீட்டு டானி நான்கு வயதிலிருந்தே ஐஸில் ஓடுகிறவன், பரணியையும் கூட்டிக்கொண்டு போனான். ஆறு வருடம் முயன்றும் அண்ணனுக்குத் திரும்பத் தெரியவில்லை. பாரம் ஏற்றிய லாரி பின்பக்கமாக வருவதுபோல் திரும்புவான். ஆனால் டீமிலேயே இருபத்தாறாம் எண்ணைப் போட்டிருந்த அவன்தான் உயரம். ஒரு நாள் கோச் அவனைத் தனியே அழைத்து, ஒன்பதாம் எண்ணைப் போட்டு ஆடும் டானியை யார் தொட்டாலும் நீ போக வேண்டும் என்றார். போவது என்றால் என்ன என்று அவர் விளக்கவில்லை, பரணியும் கேட்கவில்லை. அந்த வேலைக்கு "என்ஃபோர்சர்" என்று பெயர்.

அந்த வயது ஆட்டங்களில் சண்டைக்கு அனுமதி கிடையாது. கையுறையை உதறிக் குத்தினால் அந்த ஆட்டத்திலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள், அடுத்த ஆட்டமும் கிடையாது. ஆகவே டானியின் ஒவ்வொரு காயத்துக்கும் அண்ணன் தன் ஆட்டங்களில் ஒன்றரையைக் கொடுத்தான். அந்த சீசனில் அவன் ஐந்து முறை போனான். ஆட முடியாத வாரங்களிலும் பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து, எல்லாரும் போன பிறகு பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் தட்டுகள் சிதறிக் கிடப்பதைப் பொறுக்கி வாளியில் போட்டுவிட்டுத்தான் கிளம்புவான். கோல் ஒன்றும் போட்டதில்லை.

சண்டையின் செய்முறை எனக்கு மனப்பாடம். அந்த வயதுப் பையன்களின் ஹெல்மெட்டில் முகத்துக்கு முன்னால் கம்பி வலை இருக்கும், அதில் குத்தினால் குத்துகிறவனின் விரல்தான் உடையும். அதனால் முதலில் இடது கையால் சட்டையின் கழுத்தைப் பிடித்துத் தலைக்கு மேல் இழுக்க வேண்டும், பிறகு ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் வலது கை. பரணி முதல் இரண்டு முறை வலையிலேயே குத்தி இரண்டு விரல்களை உடைத்துக்கொண்டான். மூன்றாவது முறைக்குள் கற்றுக்கொண்டான்.

இதை எல்லாம் நான் பார்த்ததற்குக் காரணம், அம்மா பார்க்க மறுத்தது. ஆட்டம் முடியும்வரை அரங்கத்துக்கு வெளியே காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "நீ போய்ப் பாரு தேனு. அண்ணனுக்கு ஏதாச்சும்னா ஓடி வந்து சொல்லு. ஒண்ணும் இல்லைன்னா வந்து ஒண்ணும் இல்லைன்னு சொல்லு." நான் போய்ப் பார்த்து, வந்து, ஒன்றும் இல்லை என்று சொல்வேன். அண்ணன் வந்து ஏறும்போது அவன் வெள்ளைச் சட்டையின் மார்பெல்லாம் சிவப்பாக இருக்கும். அம்மா அவன் மூக்கைத் தொட்டுப் பார்ப்பாள், உதட்டை மடித்துப் பார்ப்பாள். "எவ கண்ணு பட்டுதோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய் முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பாள். ஒருமுறை டானியின் அம்மா பக்கத்தில் வந்து, இது டயர் ஐஸில் வழுக்காமல் இருப்பதற்கா, தனக்கும் ஒன்று கிடைக்குமா என்று உண்மையாகவே கேட்டாள். அம்மா கொடுத்தாள்.

அப்பாவுக்கு இருந்த சங்கடம் வேறு. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்துகளில் மற்ற அங்கிள்கள் தட்டும் கையுமாக அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். "சார், பையன் ஹாக்கியாமே? எத்தன கோல்?"

"கோல் இல்ல. அவன் டிஃபென்ஸ்."

"அப்ப டென்னிஸ்ல போடுங்க சார். காலேஜ் அப்ளிகேஷன்ல ஒரு லைனாவது வரும். இதுல பல்லுதான் போகும்."

"அவன் பல்லு போகாது அங்கிள்" என்றேன் நான். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இரண்டாவது பகுதி முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது, எதிரணியின் பதினான்காம் எண் பையன் டானியைப் பின்னாலிருந்து முழு வேகத்தில், தளத்தைச் சுற்றியிருக்கும் பலகையோடு சேர்த்து மோதினான். அந்தச் சத்தம் கார் கதவை அறைந்து சாத்துவதுபோல் இருந்தது. டானி எழவில்லை. கோச் பெஞ்சின் முனையிலிருந்த பரணியின் முதுகில் இரண்டு விரலால் தட்டினார், அவ்வளவுதான். அண்ணன் பலகையைத் தாண்டிக் குதித்தான். கையுறைகள் விழுந்தன. சட்டையை இழுத்தான், ஹெல்மெட் கழன்று உருண்டது. நான் எண்ணினேன். முதல் குத்து காதில். இரண்டாவதும் மூன்றாவதும் மூக்கில். நான்காவது விழும்போதே அந்தப் பையனின் கைகள் இரண்டும் கீழே தொங்கிவிட்டன. ஐந்தாவதைத் தவிர்த்திருக்கலாம். ஐந்தாவதில் அவன் மரம்போல் பின்பக்கமாகச் சாய்ந்தான், வெறும் தலை ஐஸில் மோதியது, ஒருமுறை எழும்பி மறுபடி மோதியது. அதுவரை கத்திக்கொண்டிருந்த அப்பாக்களும் அம்மாக்களும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். ஸ்ட்ரெச்சர் வரும்வரை அவன் வலது கால் மட்டும் ஐஸை உதைத்துக்கொண்டிருந்தது.

நான் ஓடினேன். அம்மா கண்ணாடியை இறக்கினாள்.

"அண்ணனுக்கா?"

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல."

ஆம்புலன்ஸ் எங்கள் காரைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போனது. அம்மா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அண்ணனைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து உப்பும் மிளகாயும் சுற்றினாள். அவன் குனிந்தபடி, "இட்ஸ் நாட் மை பிளட், மா" என்றான்.

"தெரியும். எனக்கு எப்பவுமே தெரியும். வாய மூடிட்டு உக்காரு." மூன்று சுற்று சுற்றி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அந்தப் பையன் பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கும் தெரியவில்லை. அவனுடைய எண் மட்டும் இருவருக்கும் தெரிந்திருந்தது.

போன வருடம் பரணி, இப்போது குடும்பத்தோடு இருக்கும் லிவர்மோரிலிருந்து கூப்பிட்டான். தினமும் மலைகளைத் தாண்டி வேலைக்குப் போய்வருகிற கார்ப் பயணத்தில்தான் அவனுக்கு என்னிடம் பேச நேரம் கிடைக்கும். "கிளப்ல இருந்து மெயில் வந்துச்சு தேனு. என் சட்டைய மேல மாட்டலாமான்னு பேசறாங்களாம். டானி ப்ரபோஸ் பண்ணியிருக்கான். அவன் சட்டை ஏற்கெனவே தொங்குது இல்ல."

"நீதான் கோலே போட்டதில்லையே."

"அதுக்குத்தாண்டி கேக்கறேன். என் பசங்க நான் கிளாஸ் பிடிக்கிற லட்சணத்தப் பாத்து, விரல் ஏன் மடங்கலைன்னு கேக்கறாங்க. கூட்டிட்டுப் போய்க் காட்ட ஏதாச்சும் ஒண்ணு வேணும். ஃபேமிலில யாராவது ஒரு பாரா எழுதித் தரணுமாம். எல்லா மேட்சும் பாத்தது நீ ஒருத்திதான்."

அவனுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று குரலிலேயே தெரிந்தது. எழுதுவதற்கு முன் பதினான்காம் எண்ணைத் தேடினேன். இரண்டு வாரம் ஆயிற்று. அவர் பெயர் கெவின். இடது காது கேட்காது, அந்த ஞாயிறுக்குப் பிறகு ஐஸில் இறங்கியதில்லை. போனில் கோபமில்லாமல் பேசினார். டானியை மோதும்படி தன் கோச்தான் சொன்னார் என்றார். தன் டீமில் தனக்கும் அதுதான் வேலை என்றார்.

என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. இந்த உழைப்பாளிகளின் சட்டையைத் தொங்கவிடத்தான் வேண்டும். அவர்கள் குத்தின குத்துகளின் பலனை அனுபவித்த கிளப், கோல் போட்டவனை மட்டும் கூரையில் ஏற்றிவிட்டு மற்றவனை மறந்துவிடுவது நியாயமில்லை. ஆனால் "கடின உழைப்பு" என்ற இரண்டு சொற்களைக் கீழே எழுதி அதை மாட்டினால் அது விளம்பரம். அந்த உழைப்பு என்ன, யார் உடம்பில் செய்யப்பட்டது என்பதும் கூடவே இருக்க வேண்டும். ஆகவே என் பத்தியில் அதிகாலைப் பயிற்சியும் ரப்பர் தட்டு வாளியும் இருந்தன. மூன்றாவது வாக்கியத்தில் கோச்சின் இரண்டு விரல்களும் ஐந்தாவது குத்தும் கெவினின் பெயரும் இருந்தன. அதைக் கெவினுக்குப் படித்துக் காட்டினேன், சரி என்றார். பிறகு அண்ணனுக்கு அனுப்பினேன்.

ஐந்தாம் நாள்தான் கூப்பிட்டான்.

"அவன் பேரு கெவினா?"

"ம்."

"அப்படியே அனுப்பு. ஒரு எழுத்து மாத்தாத."

கிளப்பின் கமிட்டி அன்பாகத்தான் பதில் எழுதியது. பத்தி அருமை, விழாவுக்குக் குழந்தைகள் வருவார்கள், மூன்றாவது வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டது. டானி தனியாக போன் செய்து, ஒரு வரிதானே என்று பரணியிடம் கெஞ்சினான். முழுதாக மாட்டுங்கள், இல்லையென்றால் வேண்டாம் என்று அண்ணன் பதில் எழுதினான். கமிட்டி வருத்தம் தெரிவித்தது.

போன மாதம் அந்த வழியாகப் போனபோது அரங்கத்தில் நிறுத்தினேன். மரப் பெஞ்சுகள் போய் பிளாஸ்டிக் இருக்கைகள் வந்திருக்கின்றன. பழைய கோச் இல்லை, ஃப்ளோரிடாவில் இருக்கிறாராம். நாங்கள் கார் நிறுத்திய இடத்தில் இரண்டாவது ஐஸ் தளம் கட்டிவிட்டார்கள். சுவரில் ஒட்டியிருந்த ஆட்டக்காரர் பட்டியலில், இந்த சீசனுக்கு இருபத்தாறாம் எண் பதினைந்து வயதுப் பையன் ஒருவனுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அன்று அவன் ஆடவில்லை. முந்தின ஆட்டத்துச் சண்டைக்காக வெளியே உட்காரவைத்திருந்தார்கள்.