செவ்வாய்க்குப் போனவள்

ஊதாப் பூப்போட்ட நைட்டித் துணியில் உறை தைத்த ஒரு நூலகப் புத்தகம். என் கண்ணுக்குள் இன்னும் இருக்கிறது. பாளையம்பட்டியில் நைட்டி தைக்கும் கடையில், பக்கத்து மிஷினில் இருந்த அக்கா, தூசி படக் கூடாதென்று வெட்டுத் துணியில் அந்த உறையைத் தைத்திருந்தார். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். ராக்கெட் கதை என்றதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"நம்ம ஊருக்கு பஸ்ஸே ஒழுங்கா வரல. இதுல ராக்கெட்டு ஒண்ணுதான் கொறச்சல்" என்றேன்.

"வாய மூடிட்டுக் கேளுடி" என்றார் அக்கா.

கேட்டேன். செவ்வாய்க் கிரகத்தில் தண்ணீர் மோட்டார் பார்க்கும் ஒரு பெண். சிடுமூஞ்சி. மேலதிகாரியை மூஞ்சிக்கு நேரே திட்டுவாள். மகளோடு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பி வந்தவள். ஊர் திரும்பும் கப்பலில் ஓர் இடம் குறைகிறது. அவ்வளவுதான், அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. ராக்கெட் எப்படிப் பறக்கிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மகளிடம் பேசினாளா என்றுதான் கேட்டேன். எந்திரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக அளக்கும் கதைகளைப் பிற்பாடு எடுத்துப் பார்த்துத் தூக்கிப் போட்டிருக்கிறேன். ஆளே இல்லாத கிரகத்தில் எனக்கென்ன வேலை?

கடைசி அத்தியாயம் மிச்சமிருந்தபோது தீபாவளி ஆர்டர் வந்து கழுத்தை நெரித்தது. சாயங்காலம் லோடு ஏற வேண்டும். புத்தகமும் அன்றைக்கே நூலகத்துக்குத் திரும்ப வேண்டும். வாசிப்பு கூடவே கூடாது என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். பொறுக்க முடியாமல் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

"யக்கா, செவ்வாய்க்குப் போனவ வீடு திரும்புவாளா, மாட்டாளா? அதையாச்சும் சொல்லு!"

முதலாளியம்மா பதறி ஓடி வந்தார். "ஏடி, யாரு வீடு திரும்பல? போன செவ்வாயா? போலீசுல சொன்னீகளா?"

"கெழமை இல்லம்மா, வானத்துல இருக்குற செவ்வா" என்றார் அக்கா.

கடையே சிரித்தது. முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அது எங்கிட்டும் இருக்கட்டும். பிள்ள இருக்கா அவளுக்கு?"

இருக்கிறது என்றோம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் துணி மூட்டைமேல் உட்கார்ந்தார். "சட்டுனு வாசி. லோடுக்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அவள் வீடு வந்து சேர்ந்தாள். இடத்தை விட்டுக்கொடுத்தது, அவள் திட்டித் தீர்த்த அந்த மேலதிகாரி. முதலாளியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டார்: "அந்தாளுக்கு அடுத்த வண்டி எப்ப?"

இப்போது எனக்குச் சொந்தக் கடை. அதே நாவலை வாங்கி, ஊதாப் பூத் துணியில் உறை தைத்து மிஷின் ஓரத்தில் வைத்திருக்கிறேன். இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் படிப்பது என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். நேற்று அக்கா போன் செய்தார். இன்றைக்கும் அவர் முதலில் விசாரிப்பது அவளைத்தான்.

"செவ்வாய்க்குப் போனவ எப்படிடி இருக்கா?"

"போன செவ்வாதான் வந்தா. வாய் மட்டும் கொறையல."