அத்தானின் மோட்டர் ஹோமும் அணையாத சிவப்பு பல்பும்

அக்காவின் கணவரை நான் அத்தான் என்று கூப்பிட்டது முறைக்காக மட்டும்தான். மரியாதை என்று அதில் ஒரு துளியும் இருக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஈஸ்ட் ஹாமில் ஒரு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தவர், வீட்டுக்காரர் ஏதோ சொல்லிவிட்டார் என்று ரோஷம் பொத்துக்கொண்டு வர, ஒரு பழைய மோட்டர் ஹோமை வாங்கினார். கட்டிலும் சமையல் குசினியும் கக்கூஸும் உள்ளேயே இருக்கிற பெரிய வான் அது. தெரிந்த ஒருவருடைய பலசரக்குக் கடையின் பின்முற்றத்தில் அதை நிறுத்தி, அக்காவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய்க் குடியேறினார்.

"வாடகைக்கு இருந்து பேச்சு வாங்கிறதை விட இது எவ்வளவோ மேல், தம்பி. இது சொந்த வீடு," என்றார். சொந்த வீடாம். உருண்டு போக நாலு சில்லுப் பூட்டின வீடு.

சொந்த வீடென்றால் பால் காய்ச்ச வேண்டுமே. காய்ச்சினார். ஐயர் ஒருவரையும் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் கூரையில் தலை இடிக்காமல் குனிந்து நின்றபடியே மந்திரத்தைச் சொல்லி முடித்தார். அன்றைக்கே அத்தான் முருகன் படத்தை அடுப்புக்கு எதிர்ச்சுவரில் மாட்டி, அதற்கு முன்னால் கார்ச் சாமான் கடையில் வாங்கிய சிவப்பு பல்பு ஒன்றைப் பூட்டினார். வானுக்குள் எண்ணெய் விளக்குக் கொளுத்தினால் ஆபத்து என்று விளங்கிக்கொள்ளும் அளவுக்கு அவருக்குப் புத்தி இருந்தது. ஆனால் அந்த பல்பு இரவு பகலாக எரிய வேண்டும், புது வீட்டில் சாமி விளக்கு அணையவே கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்.

ஜனவரியில் முற்றத்துத் தண்ணீர்க் குழாய் உறைந்தது. அந்தக் கிழமையே வானின் காஸ் ஹீட்டரும் படுத்துவிட்டது. சனிக்கிழமை காலையில் அக்கா கடையிலிருந்து எனக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, பிள்ளையின்ர கால் ஐஸ் மாதிரிக் கிடக்கு. இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ளை இது சூடாகாட்டி நான் உன்னட்டை வாறன்."

எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு இருக்கிறவள் அவள். நான் இல்ஃபோர்டிலிருந்து உடனே புறப்பட்டேன்.

அத்தான் மங்கித் தொப்பியும் மூன்று சுவெட்டருமாக நின்றார். அக்கா பிள்ளையைத் தன் கோட்டுக்குள் பொத்தி வைத்திருந்தாள். கதவடியில் அவளுடைய பை கட்டித் தயாராக இருந்தது.

அந்த ஹீட்டரில் முதலில் ஃபேன் சுற்ற வேண்டும். அது நல்ல வேகமாகச் சுற்றினால்தான் காஸ் திறந்து நெருப்புப் பிடிக்கும். நான் பொத்தானைத் திருப்பினேன். ஃபேன் காய்ச்சலில் கிடக்கிற வருத்தக்காரன் மாதிரி அனுங்கியது. அதோடு சரி.

"காஸ் உறைஞ்சு போச்சு," என்று அத்தான் தீர்ப்புச் சொன்னார். கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதை வெளியே கொண்டுபோய் சிலிண்டருக்கு மேல் ஊற்றினார். அது புரோபேன், சிவப்புச் சிலிண்டர், இந்தக் குளிருக்கெல்லாம் உறையாது என்று வாங்கின நாளில் எனக்கு வகுப்பெடுத்தவரே அவர்தான். அதுமட்டுமல்ல, அவர் தண்ணீர் கொதிக்க வைத்த அடுப்பும் அதே சிலிண்டரில்தான் எரிந்தது. அடுப்பு எரிகிறது, காஸ் உறைந்துவிட்டது என்று ஒரே மூச்சில் சொல்லக்கூடிய மனிசனோடு எதைப் பேசுவது?

நான் வெளியே போய் ஹீட்டரின் புகை போகும் துவாரத்தில் அடைத்திருந்த இலைகளை வழித்து எடுத்தேன். திரும்பவும் அதே அனுங்கல். அத்தான் செருப்பைக் கழற்றி ஹீட்டருக்கு இரண்டு அடி போட்டார்.

அப்போதுதான் அக்கா வாய் திறந்தாள். "ஃபேனைப் போட்டால் சாமி லைட் மங்குது. நான் இவருக்கு முந்தியே சொன்னனான்."

போட்டுப் பார்த்தேன். உண்மைதான். இரண்டுக்கும் ஒரே பட்டரி. வான் குடிபுகுந்த நாளிலிருந்து அசையவில்லை, பட்டரிக்குச் சார்ஜும் ஏறவில்லை. பல்போ இரவு பகலாக அதை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"அத்தான், அக்கா சொன்னவவா?"

"ஓம், சொன்னவ. அது முருகன்ர கோபம். உள்ளுக்கை மீன் சமைச்சால் வேறை என்ன நடக்கும்? அதுதான் மச்சத்தை நிப்பாட்டினனான்."

பால் கொடுக்கிறவளுக்கு, பால் ஊறச் சாப்பிடுகிற சுறாப்புட்டையும் நிறுத்தியிருக்கிறார்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த ஆளைப் பிடித்துப் பனிக்குள் தள்ளிக் கதவைப் பூட்ட வேண்டும் போலிருந்தது. பல்பைக் கழற்றக் கை நீட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமியை இருட்டிலை விட ஏலாது!"

அக்கா எழுந்து வந்தாள். பிள்ளையை ஒரு கையில் அணைத்தபடி மற்றக் கையால் பல்பைத் திருகிக் கழற்றினாள். "சாமிக்குக் குளிராது," என்றாள்.

எஞ்சினுக்கு வேறு பட்டரி இருந்தது; அதை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டோம். வெகுநேரம் கழித்துப் பொத்தானைத் திருப்ப, ஃபேன் சீறிக்கொண்டு சுற்றியது. டிக் என்று ஒரு சத்தம். பிறகு வெக்கை வந்தது. அக்கா பிள்ளையின் காலுறையைக் கழற்றி, பாதத்தைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து உடுப்புகளை வெளியே எடுத்து அடுக்கத் தொடங்கினாள். அத்தான் இருட்டில் இருந்த முருகனைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பாத்தியே தம்பி, கைவிடேல்லை."

பின்னேரம் போகிற வழியில் நான் ஈஸ்ட் ஹாமில் சுறா வாங்கினேன். அடுத்த நாள் காலையில் உள்ளிப்பூண்டு நிறையப் போட்டுச் சுறாப்புட்டுச் செய்து, சுடச்சுடப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போனேன். முற்றத்துக்குள் கால் வைத்ததுமே வானின் யன்னல் திரையில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. ஃபேனின் அனுங்கலும் கேட்டது.

"படுக்கேக்கைதான் பல்பைக் கொளுவினனான்," என்றார் அத்தான். "சூடாத்தானே இருந்தது. ஹீட்டரை எரிய வைச்சவரையே இருட்டிலை விடுறதோ?"

அக்கா சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள். பை பழையபடி கட்டியிருந்தது. பிள்ளையை என் கையில் தந்தாள். பிள்ளையின் பாதம் திரும்பவும் சில்லிட்டிருந்தது.

"எங்கை போறீர்? நான் ஒரு நாளும் சாமியைத் தனிய விட்டதில்லை, தெரியும்தானே?" என்று அத்தான் கேட்டார்.

"ஓம், தெரியும். நீங்கள் அவரோடையே இருங்கோ," என்றாள் அக்கா.

பஸ் தரிப்பு வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே மர வாங்கில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி, பெட்டியைத் திறந்து, வழித்து வழித்துச் சாப்பிட்டாள்.