கழுவி நிறுத்திய வேன்

தியாகு அண்ணன் இறந்துவிட்டார் என்று அவர் மனைவி மல்லிகா அண்ணி போனில் சொன்னபோது நான் அழவில்லை. "வேன் எங்க நின்னுச்சு அண்ணி?" என்றுதான் கேட்டேன். "வாசல்லதான் நின்னுச்சு. கழுவி நிறுத்தியிருந்தாரு" என்றார். அப்போது வந்த கோபம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அவரைத் தெரிந்த நீங்கள் எல்லாரும் தங்கமான மனுஷன் என்று பேசி முடித்துவிட்டீர்கள். எனக்குச் சொல்ல வேறு விஷயம் இருக்கிறது.

வெளிநாட்டுப் பயணிகளுக்காகப் பழைய பஸ் ஒன்றை மாற்றிக் கட்டிய கேம்பர் வேன் அது. உள்ளே இரண்டு கட்டில், அடுப்பு, கழிப்பறை, சுடுதண்ணீரில் குளிக்க இடம் எல்லாம் உண்டு. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அண்ணன் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவில் இவற்றில் அடுப்பு மட்டும்தான் உண்டு. அவர் சாரதி. நான் உள்வேலைக்காரி, துடைப்பது, துவைப்பது, மெத்தை விரிப்பது என் பாடு. பதுளையில் வாகனம் கழுவும் இடத்துக் கூரைக்குள் அந்த உயரம் நுழையாது. அதனால் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் வேன் அவர் வீட்டு வாசலுக்கே வந்துவிடும்.

இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பலாமரத்தில் முடிந்துவிட்டு, வேன் கூரையில் ஏறித் தேய்ப்பார். மலையிலிருந்து பீலியில் வந்து விழும் தண்ணீரை ஹோஸ் போட்டு இழுப்போம். குடத்தோடு யாராவது வந்தால் போதும், நுரைக்கு நடுவில் நின்றபடியே, "ஹோஸக் கழட்டு தங்கச்சி. குடிக்கிறவங்க முதல்ல, குளிக்கிற வண்டி பொறகு" என்பார். அதற்குள் சவர்க்காரம் காய்ந்து திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொள்ளும். மறுபடியும் தேய்ப்பார்.

நமுனுகுல மலையேறிவிட்டு வந்த ஒரு ஜோடி, காலெல்லாம் அட்டைக் கடியோடு அப்படியே கட்டிலில் விழுந்து தூங்கிவிட்டார்கள். வெள்ளை பெட்ஷீட் முழுவதும் இரத்தம். நான் அவர்கள் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் சிரித்தார். "கழுவினா போகாதது ஒண்ணுமில்ல தங்கச்சி. உப்பப் போட்டு ஊற வை." அப்படியே போயிற்று. சேறு, வாந்தி, கொட்டிய மீன் கறி, எது வந்தாலும் அவருக்கு அந்த ஒரே பேச்சுதான்.

பிறகு ஒருநாள் முதலாளி வேனைப் பார்வையிட வந்தார். தலையணையை எடுத்து மூக்கருகே வைத்தார். "யார் இதுல படுத்தது? லயத்து வாடை வருதே" என்றார். யாரும் படுக்கவில்லை. விடாமல் பெய்த மழையில் சரியாகக் காயாத பஞ்சின் ஈர வாடை அது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் கண்ணைக் காட்டினார். "இனி கவனமா இருக்கோம் முதலாளி" என்றார். செய்யாத தப்புக்கு என்ன கவனம்?

அன்றிலிருந்து ஓட்டுகிற ஆசனத்தைத் தவிர அந்த வேனில் வேறெங்கும் அவர் உட்காரவில்லை. கொட்டுகிற மழையில்கூட வேன் ஓரமாகத் தறப்பாள் ஒன்றைக் கட்டி, அதன் கீழே குந்தியிருந்து சோறு சாப்பிடுவார். நான் வேண்டுமென்றே உள்ளே கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்பேன். "எறங்கு பிள்ள, கழுவின வண்டி" என்று கெஞ்சுவார். எனக்கு முதலாளி மேல் மட்டும் கோபமில்லை. அண்ணன் மேலும்தான்.

அவர் இறந்த மாலையில் நடந்ததை அண்ணி பிறகு சொன்னார். கழுவி முடித்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியிருக்கிறது. அண்ணி ஆணியிலிருந்து வேன் சாவியை எடுத்திருக்கிறார். பக்கத்துக் காம்பரா ராஜா லொறி ஓட்டுபவர். "ஏறுங்கண்ணே, நான் ஓட்டுறேன்" என்று கையைப் பிடித்திருக்கிறார். அண்ணன் ஏறவில்லை. "வேர்வையோட அதுல படுக்கவா? அந்தப் பிள்ள இப்பதான் மெத்தை விரிச்சிட்டுப் போயிருக்கு. காலையில வண்டி போகணும். ஆட்டோவக் கூப்பிடு."

பதுளை டவுனிலிருந்து அந்தத் தோட்டத்துப் பாதையில் ஆட்டோ ஏறி வர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்குத் தெரியும். அதுவரை வாசற்படியில் உட்கார்ந்து, பளபளவென்று நின்ற வேனையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

மரண வீட்டுக்கு முதலாளி மலர்வளையத்தோடு வந்தார். மழை. குடையைப் பிடித்துக்கொண்டு முதலில், பயணம் போகாமல் வாசலிலேயே நின்ற வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகுதான் பெட்டியருகே போனார். "அருமையான மனுஷன். வண்டியைத் தன்னோட வண்டி மாதிரி பார்த்துக்கிட்டாரு" என்றார்.

"இல்ல முதலாளி" என்றேன். "தன்னோட வண்டின்னு நெனச்சிருந்தா அதுல ஏறிப் போயிருப்பாரு."

லயத்துப் பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள். நான் ஆணியிலிருந்து சாவியை எடுத்து வேன் கதவைத் திறந்தேன். "ஏறுங்க பெரியம்மா. ஏறுங்க அத்தை. கட்டில்ல உக்காருங்க." ஒரு பெரியம்மா தயங்கினார். "காலெல்லாம் சேறும்மா." முதலாளிக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்: "கழுவினா போகாதது ஒண்ணுமில்ல." அவர் குடையைப் பிடித்தபடி போய்விட்டார். பெண்கள் ஈரச் சேலையோடு அந்த வெள்ளை மெத்தையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

அண்ணனின் நீளப்பிடி பிரஷ் இப்போது என்னிடம் இருக்கிறது. அவருடைய அந்தப் பேச்சையும் வைத்துக்கொள்கிறேன். குடத்தைக் கண்டதும் ஹோஸைக் கழற்றச் சொன்ன மனசையும் வைத்துக்கொள்கிறேன். அந்தப் பணிவு மட்டும் எனக்கு வேண்டாம். அது அவரோடு மண்ணுக்குள் போகட்டும்.

உங்கள் வேர்வையில் மெத்தை நனைந்திருந்தால் மறுநாள் நான் துவைத்துக் காயப்போட்டிருப்பேனே, அண்ணே. என் வேலையே அதுதானே.