பேனலுக்கு வைத்த பொட்டு

கூரைமேல் நின்று சோலார் பேனலைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. கீழேயிருந்து என் மனைவி சரசு கூப்பிட்டாள். "ஏனுங்க, எறங்கி வாங்க. சோலார் கடை ஆறுச்சாமி அண்ணன் போயிட்டாருங்களாமா." ஏணியின் கடைசிப் படியைத் தவறவிட்டேன். அண்ணன் பார்த்திருந்தால், "ஏணிக்கு நான் கேரண்டி இல்லீங்க" என்றிருப்பார்.

மேட்டுப்பாளையத்தில் அவரிடம் பொருள் வாங்கியவர்களுக்குத் தெரியும். சரக்கின் குறையை முதலில் சொல்லிவிட்டு விற்கிற வியாபாரி அவர். பாதிப் பேர் அதைக் கேட்டே ஓடிவிடுவார்கள். ஓடத் தெரியாதவர்களில் நான் ஒருவன்.

என் மகள் கவிதா பத்தாவது படித்த வருஷம். தோட்டத்து வீட்டுக்குக் கரண்டு கேட்டு எழுதிப் போட்டும் வரவேயில்லை. சீமெண்ணெய்ப் புகையில் படித்துப் பிள்ளைக்கு எந்நேரமும் கண்ணில் நீர் வடியும். பரீட்சைக்குள் நல்ல வெளிச்சம் வேண்டும். நான் பத்தாவதில் தேறாதவன். அதற்கு விளக்கைக் குறை சொல்ல முடியாது. அவளாவது தாண்டட்டும் என்று அண்ணன் கடைக்குப் போனேன்.

"இந்தக் கறுப்புப் பேனலு சீமை மாடுங்க. இத்துனூண்டு எடத்துல நின்னு நல்லாக் கறக்கும். ஆனா வெலை ஜாஸ்தி, மேல துளி நெழல் பட்டாலும் கோவிச்சுக்கும். இந்தப் பழுப்பு நாட்டு மாடுங்க. சல்லிசு. மேகம் போட்டாலும் ஏதோ குடுக்கும். ஆனா எடம் ரெண்டு பங்கு கேக்கும், வந்த புதுசுல கறந்தாப்புல அப்புறம் கறக்காது."

"உங்களுக்கு எது லாபமுங்க?"

"வாங்குனவரு திரும்பி வராம இருந்தா அதுதானுங்க லாபம்."

வீட்டுக்கே வந்து கூரையைப் பார்த்தார். சின்ன ஓட்டுக் கூரை, நிழலில்லை. கறுப்பையே மாட்டினார். விளக்கு எரிந்த அன்று கவிதா புத்தகத்தை விட்டுவிட்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. வெளிச்சம் நாளுக்கு நாள் மங்கி, பரீட்சை நெருங்கும்போது மறுபடி சீமெண்ணெய்க்கே வந்துவிட்டோம். நேராகக் கடைக்குப் போய், நாலு பேர் முன்னால் கத்தினேன்: "உங்க சீமை மாடு மடி வத்திப்போச்சுங்க!"

அண்ணன் மொபெட்டில் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்து, கூரையேறினார். மேலேயிருந்து சரசுவிடம் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, இது பேனலுங்களா, மாரியம்மன் கோயில் செவுருங்களா?"

நாங்கள் புதுப் பொருளுக்குச் செய்கிற மரியாதையைத்தான் செய்திருந்தோம். வெள்ளிக்கிழமை தோறும் நான் ஏறி திருநீற்றுப் பட்டை போட்டு, சந்தனம் அப்பி, குங்குமம் வைப்பேன். வெளிச்சம் குறைந்ததும் சாமி குத்தமோ என்று பயந்து, பொட்டை இன்னும் பெரிதாக்கினோம்.

"உள்ள இருக்கற வில்லை எல்லாம் கைகோத்து நிக்குதுங்க. ஒருத்தரு கண்ணை மறைச்சா அத்தனை பேரும் சோந்து போயிருவாங்க" என்று தன் துண்டை நனைத்துத் துடைத்தார். "பழுப்புன்னா உங்க பக்தியைக் கொஞ்சம் தாங்கியிருக்கும்."

"அப்ப அதையே குடுத்திருக்கலாமில்லீங்க?"

"அது உங்க கூரைக்குப் பத்தாதுங்க. கூரையைப் பாத்தேன், பூஜையைக் கேக்காம உட்டுப்போட்டேன்."

அதற்கப்புறம் கடைக்கு வந்த எல்லோரிடமும், "நெழல் உண்டுங்களா, எடம் இருக்குதுங்களா, வெள்ளிக்கெழமைப் பூஜை உண்டுங்களா?" என்று கேட்டார். எதற்கென்று தெரியாமல் விழித்தவர்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். அந்தப் புகழ் என்னுடையது.

கவிதா தேறியதும் மிட்டாயோடு கடைக்குப் போனோம். "மார்க்கு கெடக்குது கண்ணு. பரீட்சை முடியற வரைக்கும் லைட்டு நின்னு எரிஞ்சுதா, அதைச் சொல்லு" என்றார். எரிந்தது என்றாள். அப்போதுதான் மிட்டாயை வாயில் போட்டார்.

நேற்று அவர் கடை வாசலில் போய் நின்றேன். வாங்கவோ குறை சொல்லவோ ஒன்றுமில்லாமல் நான் தனியாக அங்கே போனது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து கூரையேறி, பேனலின் இரும்புக் காலில் பொட்டு வைத்தேன். அன்று துடைத்து முடித்தபின் அண்ணன் தன் விரலால் காட்டிய இடம் அது. "இங்க வெய்யுங்க. சாமி குனிஞ்சும் பாப்பாரு" என்றார். கண்ணாடியை இன்றும் பளிச்சென்றுதான் வைத்திருக்கிறேன், அண்ணா.