தாஸண்ணன் போட்ட சிவப்பு

தாஸண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் கணினியின் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். துலாம் மாதத்தில், அதாவது ஐப்பசி இடிமழைக் காலத்தில், மதியம் திரும்பினால் போதும், அம்பூரி மலைப்பக்கம் கறுத்துவிடும். கறுத்தால் நெய்யாற்றின்கரையிலுள்ள எங்கள் அலுவலகத்தில் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். தொலைபேசியில் அவர் மனைவி புஷ்பம் அக்கா. "பிரேமா, அண்ணன் போயாச்சு" என்றார். சோறு தின்றுவிட்டுக் கை கழுவப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பாறசாலையிலிருந்து வண்டி அமரவிளை தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அரை மணி நேரம் கழியவில்லை, அடுத்த அழைப்பு வந்தது. அம்பூரிப் பக்கத்துக் கல்குவாரி ஒன்றின் மேனேஜர். நாலு வாக்கியம் துக்கம் பேசினார். குறை சொல்லக் கூடாது, நன்றாகவே பேசினார். பிறகு மெல்ல, "நம்ம சைட்டு சிவப்புல கிடக்குல்லா மேடம், இனி அதை மாத்த ஆரைப் பாக்கணும்?" என்று கேட்டார். அண்ணனின் உடல் அப்போது வீட்டுக்குக்கூட வந்து சேர்ந்திருக்கவில்லை. எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டேன்.

அவரை அறிந்தவர்கள்தாம் இதைப் படிக்கப் போகிறீர்கள். ஆனால் உங்களில் பலருக்கு அவர் 'இடிதாங்கி தாஸ்' மட்டும்தான். அதனால் எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பட்டாசுக் கொட்டகை, எரிவாயுக் கிடங்கு, குவாரிகளின் வெடிமருந்து அறை போன்ற இடங்களில் இடிதாங்கி சரியாக இருக்கிறதா என்று வருடந்தோறும் சோதித்துச் சான்று தருவது எங்கள் நிறுவனத்தின் தொழில். தாஸண்ணன் மீட்டரைத் தூக்கிக்கொண்டு இடத்துக்குப் போவார். நான் அலுவலகத்தில் இருந்து அவர் அனுப்பும் அளவுகளை ஒரு மென்பொருளில் ஏற்றிக் கவனிப்பேன். சரியாக இருந்தால் அந்த இடத்தின் பெயருக்கு எதிரே பச்சை, தவணை நெருங்கினால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு. சிவப்பு விழுந்த இடத்தில் வெடிமருந்து இருக்கக் கூடாது. அதை மாற்றும் அதிகாரம் சோதித்தவருக்கும் எனக்கும் மட்டும்தான் உண்டு. சிவப்பு கிடந்தால் உரிமம் புதுப்பிக்க முடியாது என்பதால் எங்கள் திரையைப் பார்த்துப் பயப்படாத முதலாளி கிடையாது.

அவரோடு நான் முதலில் மோதியது தேதி விஷயத்தில். வருடத்துக்கு ஒரு சோதனை என்றால் பன்னிரண்டு மாதம், அதில் என்ன குழப்பம் என்று நினைத்து மென்பொருளில் அப்படியே போட்டிருந்தேன். அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு பதினொன்றாக்கு என்றார். காரணம் கேட்டேன். எல்லாரும் ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் கூப்பிடுகிறார்கள், ஈர மண்ணில் மீட்டர் நல்ல எண்ணைத்தான் காட்டும், பன்னிரண்டு மாதம் என்று வைத்தால் ஆயுசு முழுக்க மழையிலேயே சோதித்துக்கொண்டிருப்போம், பதினொன்று என்றால் வருடத்துக்கு ஒரு மாதம் நகர்ந்து வெயிலிலும் வரும் என்றார். "மழையில ஊறின மண்ணு எல்லாவனுக்கும் நல்ல பிள்ளையாக்கும், மக்கா. மீனமாசத்து வெயில்ல காஞ்ச மண்ணைக் கேளு. அது உள்ளதைச் சொல்லும்." நான் விடவில்லை. ஆயிரம் இடத்தின் தேதியை மாற்ற உங்கள் அப்பாவா வருவார் என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒரு வாரம் தினமும் வந்து அதே இடத்தில் நின்றார். எட்டாம் நாள் பதினொன்றாக்கினேன். அன்று அவர் காஞ்சிரங்குளத்திலிருந்து வாங்கி வந்த ஒரு குலை செந்தொழுவன் வாழைப்பழம் என் மேசையில் கிடந்தது.

இன்னொரு பழக்கம் அவருக்கு உண்டு. சோதனைக்கு வியாழக்கிழமை என்று எழுதிக் கொடுப்பார், புதன்கிழமை போய் நிற்பார். புகார் மேல் புகார் வரும். விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. ஒருநாள், சொன்ன நாளில் போனால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று கேட்டேன். "கூப்பிட்ட அன்னைக்குப் போறது விருந்துக்காரனாக்கும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடக்கினார். மனுஷனுக்குக் குசும்பு என்று நினைத்தேன். காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இந்த வருடம் இடவப்பாதியில் அவர் நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்தச் சமயம் பார்த்து இதே குவாரிக்குத் தவணை வந்தது. மேனேஜர், சார் எழுந்து வரும்வரை காத்திருக்க முடியுமா என்று மன்றாடினார். மீட்டர் அவர்களிடமும் இருக்கிறது, எண்ணும் படமும் அனுப்புகிறோம் என்றார். அனுப்பவும் செய்தார். எண் அருமையாக இருந்தது. படத்தில் வெடிமருந்து அறையின் கூரைமேல் இடிதாங்கிக் கம்பி, அதிலிருந்து சுவர் வழியாக மண்ணுக்குள் இறங்கும் செம்புப் பட்டை, எல்லாம் பளிச்சென்று இருந்தன. நான் நாற்காலியில் இருந்து எழும்பக்கூட இல்லை. பச்சை போட்டேன்.

கன்னி மாதம், புரட்டாசியில், அண்ணன் வேலைக்குத் திரும்பினார். மெலிந்திருந்தார், மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது. வந்ததும் திரையைத்தான் பார்த்தார்.

"இது ஆரு போட்ட பச்சை?"

"நான்தான் அண்ணா."

"நீ போய்ப் பாத்தியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் ஏசவில்லை. மறுநாள் காலையில் வா என்று மட்டும் சொன்னார். அத்தனை வருட வேலையில் நான் ஓர் இடத்துக்கு நேரில் போனது அன்றுதான் முதல் முறை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும்.

ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே மேலே ஏறி, குவாரிக்குப் பின்னால் தனியாக நின்ற அந்த அறையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டேன். கூரைமேல் கம்பி இருந்தது. மண்ணுக்குள் போகும் குழியும் இருந்தது. இரண்டையும் இணைக்கும் செம்புப் பட்டை இல்லை. வெறும் சுவர். பட்டையைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் கொக்கிகள் மட்டும் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. குழியில் மீட்டரை வைத்தால் மண்ணின் அளவு நன்றாகத்தான் வரும். அதற்கும் மேலே இருக்கும் கம்பிக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

காவல்காரர் சுகுமாரன் வயதானவர், பொய் சொல்லத் தெரியாதவர். செம்பு களவு போகிறது என்று இந்த வருடம் முதல் கழற்றித்தான் வைத்திருக்கிறோம், சோதனைக்கோ படத்துக்கோ என்றால் அன்று காலையில் மாட்டுவோம் என்று சாதாரணமாகச் சொன்னார். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அண்ணன் கேட்டார். "உள்ள பத்திரமா உண்டு சார்" என்றார் அவர். உள்ளே என்றால் வெடிமருந்து அறைக்குள். பூட்டுள்ள இடம் அது ஒன்றுதானே. சுருட்டி, சாக்கில் பொதிந்து, பெட்டிகளுக்கு மேலேயே வைத்திருந்தார்கள். மின்னலைத் தாங்க வேண்டிய செம்பு, எதைக் காப்பாற்ற வேண்டுமோ அதன் தலைமேல் உறங்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மலைக்குப் பின்னால் உறுமியது. முதல் துளி விழுந்ததும் கல்லுடைத்துக்கொண்டிருந்த ஏழு பேர் ஓடி வந்தார்கள். அந்த வெட்டவெளியில் கூரை நீட்டிய சுவர் அது ஒன்றுதான். அதில் முதுகு சாய்த்து வரிசையாக உட்கார்ந்தார்கள். தினமும் உட்காரும் இடம் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. அண்ணனின் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். சரக்கை மாற்றச் சொல்லலாமா என்று நான் உளறினேன். இடி கேட்டால் அந்தக் கதவைத் தொடவே கூடாது, ஆளை மட்டும் நீக்கணும் என்றார். பிறகு, ஓடக் கூடாது என்று டாக்டர் சொன்ன அந்த மனுஷன் ஓடினார். மலையாளத்தில் கத்தினார், இந்தியில் கத்தினார், தமிழில் கெட்ட வார்த்தையும் சொன்னார். ஏழு பேரையும் சுகுமாரனையும் கீழே எங்கள் ஜீப்பு நின்ற இடம் வரை தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார். ஜீப்பின் கதவை அடைத்த சற்று நேரத்தில் கண் கூசியது. அறைக்கு மேல்பக்கத்துத் தோட்டத்தில் ஒரு ரப்பர் மரம் உச்சியிலிருந்து அடிவரை பிளந்து நின்றது. அறைக்கும் மரத்துக்கும் இடையே ஒரு லாரியைத் திருப்பும் அளவுக்குத்தான் இடம் இருந்தது.

அண்ணன் போனில் சிவப்பைப் போட்டார். குறிப்பு எழுதும் கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டேன். அவர் சொல்ல, அவர் பெயரிலேயே நான் எழுதினேன்: 'செம்புப் பட்டை சுவரில் நிரந்தரமாக இருக்க வேண்டும். நான் கையால் தொட்டுப் பார்த்த பிறகே மாற்ற வேண்டும்.' வீட்டுக்குப் போகும் வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "இந்த நாலு மாசமும் அவனுவ அந்தச் சுவருக்க அடியிலதான் சோறு தின்னிருக்கானுவ, பிரேமா." என் பச்சையின் கீழே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடக்கத்துக்கு மழை விட்டு வழிவிட்டது. பழைய மிஷன் ஆலயத்தின் கோபுரத்தில் இடிதாங்கி வைக்கச் சொல்லி அவர் கமிட்டியோடு சண்டை போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். இடி கர்த்தரின் கையில் இருக்கிறது என்று ஒரு பெரியவர் சொன்னதற்கு, "கர்த்தருக்க கையில இருந்து வாறதுதான், நான் இல்லேன்னு சொல்லல்ல. மண்ணுக்குப் போக வழி நாமதான் போடணும்" என்றாரே, அதே கோபுரத்தின் செம்புப் பட்டைக்குப் பக்கத்தில்தான் அவர் பெட்டியை இறக்கி வைத்தார்கள். நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். உறுதியாக இருந்தது. அப்போதுதான் அழுகை வந்தது.

மேனேஜரும் மலர்வளையத்தோடு வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் என்னை நிறுத்தி, சரக்கை எல்லாம் சிவப்பு விழுந்த அன்றே வேறு கிடங்குக்கு மாற்றி எழுதித் தந்துவிட்டோமே என்றார். பட்டையும் மாட்டியாகிவிட்டதாம். குறிப்பில் சார் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது, சார் எங்கிருந்து வருவார், நீங்கள் அலுவலகத்தில் இருந்தே மாற்றிவிடுங்கள் என்றார். நேரில்தான் பார்ப்பேன் என்றேன். அப்படியானால் வியாழக்கிழமை வாருங்கள், எல்லாம் தயாராக வைக்கிறேன் என்றார். தலையாட்டினேன்.

புதன்கிழமை போனேன்.

வெறும் சுவர். கொக்கிகள் மட்டும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு சோற்றுப் பை தொங்கியது. எண்ணினேன், ஏழு. சுகுமாரன் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். சரக்கு மாற்றியாகிவிட்டதா என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "உள்ள உண்டு, பிள்ளே" என்றார்.

அம்பூரி மலை கறுத்துக்கொண்டு வந்தது. கதவைத் தொடவில்லை. பைகளை ஒவ்வொன்றாகக் கொக்கியிலிருந்து எடுத்தேன். சோறு இன்னும் சூடாக இருந்தது. பைகளைத் தூக்கிக்கொண்டு நான் கீழே நடந்தால் அந்த ஏழு பேரும் பின்னாலேயே வந்துதானே ஆக வேண்டும்? வந்தார்கள், திட்டிக்கொண்டே வந்தார்கள். ஜீப்பிலிருந்து உரிமம் தரும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டுப் படமும் அனுப்பினேன். மேனேஜருக்கு அதற்குள் செய்தி எட்டிவிட்டது. போனில், நாளைக்கு என்றல்லவா சொன்னேன் மேடம் என்றார். சொல்லிவிட்டேன்: "கூப்பிட்ட அன்னைக்குப் போறது விருந்துக்காரனாக்கும்."

அன்று இடி விழவில்லை. மேகம் வெள்ளறடைப் பக்கம் நகர்ந்து போனது. மறுநாள் அதிகாரிகள் வந்து நின்று சரக்கை எடுத்துச் சென்றார்கள். செம்பு இன்னும் சுவரேறவில்லை. இறந்தவரின் பெயரை மென்பொருளிலிருந்து நீக்கச் சொல்லி எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நீக்கினால் அவர் சொல்லி எழுதிய குறிப்பும் போய்விடும். அதனால் நீக்கவில்லை, நீக்கவும் மாட்டேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு நாள் முன்னால் போய் நிற்பதை மட்டும்தான். என் கையால் பச்சை போட்ட இடங்கள் வேறும் உண்டு, எல்லாம் திரையில் அழகாகத் தெரிகின்றன. நாளை காலை முதல் ஒவ்வொன்றாகப் போய்த் தொட்டுப் பார்க்கப் போகிறேன். துலாம் முடிய இன்னும் நாள் கிடக்கிறது.