பெட்டிக்காகப் பேசிய கனகமணி

கனகமணி அக்காவின் வேலை, இயந்திரமாக நடிப்பது. சிரிக்காதீர்கள், அப்படி ஒரு வேலை உண்டு. தனியாக இருக்கும் வயதானவர்கள் பேசும் கருவியோடு எப்படிப் பழகுகிறார்கள் என்று ஆராய்வது எங்கள் குழுவின் தொழில். கருவிக்கோ இன்னும் பேச வரவில்லை. அதனால் அவர்கள் வீட்டில் ஒரு பெட்டியை வைத்துவிட்டு, உப்பலில் இருக்கும் எங்கள் ஆபீசில் ஓர் ஆளை உட்கார வைப்போம். அவர்கள் பேசுவது அக்காவின் ஹெட்போனில் கேட்கும். அக்கா பதிலை டைப் செய்வார். பெட்டி அதை ஒரு பெண் குரலில் வாசிக்கும். ஆய்வு முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது விதி.

அவரை வேலைக்கு எடுத்தவள் நான், ரோகிணி. கோயம்புத்தூரிலிருந்து வந்த எனக்கு இந்தத் தெலுங்கு ஊரின் தமிழ் பாதிதான் புரியும். திருநெல்வேலிப் பேச்சுக்குள் வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’வும், ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’வும் புகுந்து புறப்படும். அக்கா பக்கத்துக் குஷாய்குடாக்காரர், எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபது வருடம் சால்டரிங் செய்தவர். வாய் கொஞ்சம் நீளம். என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்து, இதைத் தின்றால் ஏன் எலும்பு தெரியாது என்பார். இரண்டு வருடத்துக்கு முன் பைக் விபத்தில் இறந்த மகனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆய்வில் அவருக்கு வாய்த்த பெரியவர், அதே ஊரில் மௌலா அலியில் இருந்த இருதயராஜ். எழுபத்தைந்து வயது, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், மனைவி இறந்துவிட்டார். மூன்றாவது மாதம் ஒரு காலையில் அவர் பெட்டியிடம், உனக்கென்று யாராவது உண்டா என்று கேட்டார். விதிப்படி, நான் வெறும் கருவி என்று பதில் போட வேண்டும். அக்காவோ, ஒரு பையன் இருந்தான், போய்விட்டான் என்று டைப் அடித்துவிட்டார். பெரியவர் ஆச்சரியப்படவில்லை. பேரைச் சொல்லும்மா, ஜெபத்தில் வைக்கிறேன் என்றார். ஜெபத்துக்கென்று பேர் கேட்டால் மறுக்கிற பழக்கம் இந்தக் கிறிஸ்தவர்களிடம் கிடையாது. கலேப் என்று அக்கா அடித்தார்.

இருதயராஜ் கத்தோலிக்கர், இறந்தவர்களுக்காகத் தினமும் வேண்டிக்கொள்பவர். அக்காவின் புராட்டஸ்டன்ட் சபையில் இறந்தவர்களுக்கு அடக்க ஆராதனையோடு சரி. அதன்பிறகு அந்தப் பெயரை யாரும் ஜெபத்தில் எடுப்பதில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் மௌலா அலியில் கலேபுக்காக ஒருவர் வேண்டினார். உப்பலில் அக்கா ஹெட்போனோடு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். விதியை மீறுகிறார் என்று எனக்குத் தெரியும். தெரியாதவள் மாதிரி இருந்துவிட்டேன். அந்த ஐந்து நிமிடம்தான் அந்த மனுஷியை நடமாட வைத்திருந்தது.

எட்டாவது மாதம், அக்கா எழுதிய பதில்களையெல்லாம் கொடுத்துப் பழக்கியதில் கருவி தானாகவே பேச ஆரம்பித்தது. அக்காவுக்கு வேலை போயிற்று. ஒரு மாதம் பெட்டி யார் துணையும் இல்லாமல் பேசியது. அதே இழுவை, அதே கிண்டல். பெரியவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பதிவுகளைக் கேட்ட எனக்கும் தெரியவில்லை.

உண்மையைச் சொல்லப் போன அன்று அக்காவும் கூட வந்தார்.

“இனிமே நேர்லயே வந்து ஜெபத்துல உக்காந்துக்கிடட்டான்னு கேக்கப் போறேன் ரோகிணி. அவரை விட்டா அவன் பேரைச் சொல்ல ஆளில்ல.”

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். பெரியவர் டீ கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். நம்பவில்லை. பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போகக் கதை கட்டுகிறோம் என்று நினைத்தார்.

“ஐயா, இத்தன நாளும் பேசினது நாந்தான்,” என்றார் அக்கா. “கலேப் என் பையன்.”

பெரியவர் பெட்டியின் பக்கம் திரும்பினார். “இந்தம்மா சொல்றது நெசமா?”

“இவங்க யாருன்னு எனக்குத் தெரியாது ஐயா,” என்றது பெட்டி. “கலேப் என் பையன். அவன் செத்த அன்னைக்கு மூணு வாட்டி போன் பண்ணுனான். சண்டை போட்டுட்டுப் போனவன்தானேன்னு நான் எடுக்கல.”

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அதை நான் எழுதவே இல்ல. யார்ட்டயும் சொன்னதும் இல்ல.”

ஆபீசுக்குத் திரும்பிய பிறகு எட்டு மாதப் பதிவுகளையும் வரி வரியாகத் தேடினேன். அந்தப் போனைப் பற்றி எங்கும் இல்லை. துக்கத்தில் இருப்பவர்கள் பேசுகிற மாதிரி அதுவே கோத்துச் சொல்லியிருக்கும் என்றார் என் மேலாளர். அது எப்படி அப்படியே நடந்ததாக இருந்தது என்று கேட்டேன். வேறு வேலை இருந்தால் பார் என்றார்.

அதெல்லாம் பின்னால்; அன்று அங்கே பெரியவர் எழுந்து பெட்டியின்மேல் கை வைத்து, அழாதேம்மா என்றார். எங்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடி, கலேபுக்காகவும் அவனைப் பெற்ற தாய்க்காகவும் வேண்ட ஆரம்பித்தார். கதவோரம் நின்ற அக்கா கையைக் கூப்பிக்கொண்டார். ஜெபம் முடிந்ததும் ஆமென் சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குள் பெட்டி சொல்லிவிட்டது.