மேர்வின் திறந்துவிட்ட பெட்டி

ஏறாவூர்ச் சந்தையில் இறால் வாங்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மேர்வினின் மகள். "அங்கிள், டடா விடியக் காலமாயிட்டார்" என்றாள். இறாலை அப்படியே விட்டுவிட்டு மட்டக்களப்புக்குப் பஸ் ஏறினேன்.

மட்டக்களப்பு ரயில் பாதையில் வேலை செய்த உங்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மேர்வின் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர், ரயில் கார்ட், கலியாண வீடுகளில் வயலின் வாசிப்பவர். ஏறாவூரில் நிலைய அதிபராக இருந்த எனக்கு நெருங்கிய கூட்டாளி. "பெட்டிட வடிவைப் பார்க்காத மச்சான், ஆர் ஏறுறாங்க எண்டு பார்" என்று அடிக்கடி சொல்வார்.

பாசிக்குடாக் கடற்கரையில் ஹோட்டல்கள் பெருகியபோது, காலை ரயிலில் ஒரு மூன்றாம் வகுப்புப் பெட்டியைக் கழற்றிவிட்டு ஏசி பெட்டியை இணைத்தார்கள். உல்லாசப் பயணிகள் வந்ததோ சனி ஞாயிறில்தான். கிழமை நாட்களில் அது வெறுமையாக ஓட, ஆசுபத்திரிக்கும் வேலைக்கும் போகிற சனம் மற்றப் பெட்டிகளில் தொங்கியது. மேர்வின் மேலிடத்துக்குப் பலமுறை சொல்லிப் பார்த்தார். "பார்ப்பம்" என்றார்கள்.

ஒருநாள் ரயில் ஏறாவூரில் நின்றபோது, கிளினிக்குக்குப் போன ஓட்டமாவடிக் கர்ப்பிணி ஒருத்தி நெரிசலில் மயங்கிவிட்டாள். "அல்லாஹ்வே, புள்ளைக்கு மூச்சு முட்டுது!" என்று தாய் கத்தினார். மேர்வின் ஏசி பெட்டியைத் திறந்து அவளைக் கிடத்தினார். பிறகு கதவை மூடவில்லை. "நிண்டு வாற ஆக்கள் எல்லாரும் இதுல ஏறுங்க!" என்று கூப்பிட்டார். மீன்கூடைக்காரரும் ஏறினார்கள்.

"மச்சான், வேலை போயிரும்" என்றேன்.

"போனா வயலின் வாசிச்சுப் பிழைப்பன். இன்னொராள் விழுந்தா ஆர் பதில் சொல்றது?"

வேலை போகவில்லை. பெட்டி மீன் மணக்கிறதென்று முறைப்பாடு போய், அவரை மலைநாட்டுப் பாதைக்கு மாற்றினார்கள். அந்த டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு அவரால் வீட்டுக்கு வர முடியவில்லை. கவலையா என்று தொலைபேசியில் கேட்டேன். "குளிர்தான் கவலை" என்று சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "மகள் கோயில்ல தனியப் பாடுறாளாம். அதைக் கேக்கத்தான் ஏலாமப் போச்சு."

இங்கே அந்தப் பெண்ணின் கணவரும் வேறு பயணிகளும் ரயில்வே அதிகாரியொருவரைச் சந்தித்து, "எங்களோட ஒருக்கா வந்து பாருங்க, சேர்" என்று அழைத்தார்கள். அவர் வந்தார். வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புவரை நின்றபடியே வந்தார். அதன் பின் கிழமை நாட்களுக்கு மூன்றாம் வகுப்புப் பெட்டி திரும்பியது. ஏசி பெட்டி வார இறுதிக்கென்றானது.

சந்தோஷத்தோடு மேர்வினுக்குச் சொன்னேன். "நல்லம்" என்றார். உடனே, "மறுகா, வெள்ளி பின்னேர ரயிலுக்கு? உல்லாசக்காரரும் வருவாங்க, நம்மட ஆக்களும் வீட்ட வருவாங்க. அண்டைக்கு ரெண்டும் வேணுமே" என்று தொடங்கிவிட்டார். ஊருக்கு மாற்றலாகி வந்து, அதையும் கேட்டு வாங்கிய பிறகுதான் ஓய்ந்தார்.

பச்சைக் கொடியைத் தூக்குமுன், யாராவது ஓடி வருகிறார்களா என்று மேர்வின் நிலைய வாசலைத் திரும்பிப் பார்ப்பார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பழக்கம். சேமக்காலையில் அடக்கம் முடிந்து எங்கள் வேன் புறப்பட்டபோதும், அதை ஓட்டிய என் மகனிடம், "கொஞ்சம் பொறுங்க, ஆரும் வாறாங்களா பாருங்க" என்றேன். சேமக்காலை வாசலில் ஒரு வயதான பெண் கையைக் காட்டியபடி வந்துகொண்டிருந்தார். நெருங்கி உட்கார்ந்து அவருக்கு இடம் கொடுத்தோம்.